மூடிய வீட்டில் ஒரு பவளம்

அமெரிக்காவில் எங்கள் பிளசன்டன் வீட்டு ஹாலில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு மீன்கள், ஊதா நிறத்தில் ஒரு பவளம். வாங்கும்போது விரல் நக அளவு இருந்தது, மூன்று வருடத்தில் உள்ளங்கை அளவு வளர்ந்தது. நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். உப்பு, கால்சியம், பி.எச். எல்லாம் மீன் கடைக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

மாமனார் இறந்தபின் அத்தை, என் மனைவியின் அம்மா, ஈரோட்டிலிருந்து ஆறு மாதம் தங்க வந்தார். வந்தது நவம்பரில். குளிருக்குப் பயந்து ஒரு ஜன்னலையும் திறக்க விடமாட்டார். "உங்களுக்கெல்லாம் என்னால தொந்தரவுங்க" என்று தினமும் சொல்வார். டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று மனைவியிடம் இரண்டு முறை கேட்டும்விட்டார்.

டிசம்பரில் பவளத்தின் நுனிகள் வெளுக்க ஆரம்பித்தன. பி.எச். 8.2 இருக்க வேண்டியது, 7.7 காட்டியது. அதை ஏற்றும் பவுடர் கரைத்து ஊற்றினேன். அன்றைக்கு ஏறும், மறுநாள் இறங்கிவிடும். தண்ணீரை பாட்டிலில் எடுத்துக்கொண்டு கடையில் போய் நின்றேன். வீட்டில் புதிதாக யாராவது வந்திருக்கிறார்களா என்றுதான் கடைக்காரர் முதலில் கேட்டார். மூடிய வீட்டில் நாம் விடும் மூச்சு அங்கேயே தங்கித் தண்ணீரில் கரைந்து பி.எச்.சை இறக்குமாம். பவுடர் வேண்டாம், ஜன்னலைத் திற என்றார்.

அத்தை பகல் முழுக்க தொட்டிக்கு எதிர் சோபாவில்தான் இருப்பார். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? அவர் குளிக்கப் போனதும் ஜன்னலைத் திறப்பேன். கதவுச் சத்தம் கேட்டதும் சாத்துவேன். நான்காம் நாள் மாட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க மாப்ள, என்ன திருட்டு வேலை நடக்குது?"

"பொரியல் தீஞ்ச வாசம் அத்தை..."

"இன்னிக்குப் பொரியலே பண்ணலைங்களே."

பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருந்த மனைவி மியூட் பண்ணிவிட்டு எட்டிப் பார்த்தாள். சொல்லாதே என்று அவளிடம் கெஞ்சியிருந்தேன். "அம்மா, வீட்ட க்ளோஸ் பண்ணியே வெச்சா நாம விடற மூச்சு கோரலுக்கு ஆகாதாம். அதான்."

அத்தை தொட்டியையே பார்த்தார். "நான் வந்து உக்காந்ததால தானுங்களா?"

"அஞ்சு பேர் மூச்சும்தான் அத்தை."

"மூணு பேர்தானுங்களே இருக்கறோம்?"

"மீனையும் சேர்த்து..."

மனைவி சிரித்துவிட்டாள். அத்தை சிரிக்கவில்லை. "டிக்கெட்ட மாத்திரு கண்ணு" என்றார்.

அன்று நான் பேசியதைப் போல அவரிடம் அதற்கு முன் பேசியதில்லை. "வேணாம் அத்தை. பவளம் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம். நீங்க இருங்க. இதுக்கு வேற வழி இருக்கு."

வழி இருந்தது. தொட்டியில் நுரை எழுப்பிக் கசடு எடுக்கும் இயந்திரம் ஒரு சின்னக் குழாய் வழியாகக் காற்றை இழுக்கும். அந்தக் குழாயை நீட்டி வெளியே விட்டால் வெளிக்காற்று வரும். ஆனால் ஜன்னலை ஒட்டிக் கிடக்கும் அத்தையின் சோபாவை நகர்த்த வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டுத்தான் செய்யாமல் இருந்தேன்.

ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து குழாயை வெளியே விட்டேன். மீதி இடைவெளியில் அத்தை பழைய துண்டைக் கிழித்துத் திணித்தார். "இனி கொசுகூட வராதுங்க" என்றார்.

மூன்றாம் நாள் காலை மீட்டரைத் துடைத்துத் தண்ணீரில் வைத்தேன். அத்தை பின்னால் வந்து நின்றார்.

"எவ்வளவுங்க?"

"எட்டு புள்ளி ஒண்ணு."

"ராத்திரியெல்லாம் நான் நல்லாத்தான் மூச்சு வுட்டனுங்க" என்றார்.

வெளுத்த நுனிகளில் இரண்டு கடைசிவரை தேறவில்லை. அத்தை மே மாதம்தான் ஊருக்குப் போனார்.