இரண்டு கான் தண்ணீர்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறி இன்றோடு ஒரு வருடம். இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. தன் வாழ்க்கையில் நடந்தவற்றை எல்லாம் அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார், சிலவற்றை நாலைந்து தடவை. ஒரேயொரு கதையை மட்டும் அவர் பதினான்கு வருடம் வாய் திறந்து சொல்லவில்லை. அதற்குக் காரணம் நான். அதை இங்கே எழுதுவதா விடுவதா என்று தயங்கித்தான் அச்சகத்துக்காரரிடம் மூன்று தடவை பேச்சு வாங்கினேன்.

அக்கா நிலாவெளியில், கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் பிறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மா காலமானார். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும் அடி போட்டதும் அக்காதான். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் மற்றவர்கள் நகையையும் காணி உறுதிப் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஓட, அக்கா தையல் மெசினின் தலையைக் கழற்றிச் சீலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். அந்த மெசின்தான் முகாமிலும் எங்களுக்குச் சாப்பாடு தந்தது. அவருக்கு வந்த இரண்டு கலியாணப் பேச்சையும் "தம்பி வளரட்டும்" என்று தள்ளி வைத்தார். நான் வளர்ந்து முடிய, பேச்சும் நின்றுவிட்டது. அதையும் சபையில் எழும்பிச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் அவர்.

"அந்த ரெண்டு மாப்பிளையும் என்னட்ட இருந்து தப்பினவை. ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியது அவை!"

ஊர் திரும்பிய பின் வீட்டு முன்னறையில் பள்ளிக்கூடச் சீருடை தைத்தார். சட்டை தைக்க வருகிறவர்களுக்குக் கர்த்தர் தனக்குச் செய்த நன்மைகளைச் சொல்லுவார். இடுப்பைச் சுற்றி அளவு நாடா இருக்கும்போது யாரால் ஓட முடியும்? தைக்க வந்தவர்கள் இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் எல்லோரும்தான். யாரையும் அவர் மதம் மாறச் சொன்னதில்லை. "எனக்கு நடந்ததைச் சொல்லுறன், அவ்வளவுதான். பிரசங்கம் பண்ண எனக்கு ஏலாது" என்பார்.

நகரத்தில் உள்ள எங்கள் சபையில், ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே சாட்சி நேரம் உண்டு. கர்த்தர் அந்த வாரம் தனக்குச் செய்ததை யாரும் எழும்பிச் சொல்லலாம். அதற்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்ற சட்டமும், போதகர் ஐயாவின் மேசையில் இருக்கும் பித்தளை மணியும் அக்காவுக்காகவே வந்தவை. அவர் கதையைத் தொடங்கினால் பசு எந்த நிறம், மழை எந்தப் பக்கத்தால் வந்தது என்பதெல்லாம் வரும். "செவ்வாய்க்கிழமை... இல்லை, பொறுங்கோ, புதன்" என்று தன்னையே திருத்துவார். கர்த்தர் செய்ததைச் சொல்லும்போது கிழமைகூடப் பிழையாகக் கூடாது என்பது அவரது கொள்கை. மணி அடித்தால் சட்டத்தை மதித்து, பாதி வசனத்தில் வாயை மூடிக்கொண்டு கதிரையில் இருந்துவிடுவார். சபை தவிக்கும். பின்வரிசையில் இருந்து யாராவது "பிறகு?" என்பார்கள். கடைசியில் மணி அடித்த போதகர் ஐயாவே பொறுக்க மாட்டாமல், "சரி அக்கா, பிறகு என்ன நடந்தது?" என்று கேட்பார். அந்தப் "பிறகு?" காதில் விழுந்ததும் அக்காவின் முகத்தில் வரும் வெளிச்சத்தை நீங்கள் எல்லோரும் கண்டிருக்கிறீர்கள்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பிறகு படகு என் கைக்கு வந்தது. கூடவே குடியும் வந்தது. ஒரு மத்தியானம் என் சாராயப் போத்தலை அக்கா கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிட்டார். சண்டை வந்தது. நான் ஏற்கெனவே குடித்திருந்தேன். "இனி இந்த வீட்டுக்கு வரமாட்டன்" என்று கத்திவிட்டுக் அடுப்படிக் குசினி வாசலில் இருந்த பிளாஸ்டிக் கான்களில் இரண்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் படகைத் தள்ளினேன். எங்கள் வீட்டில் படகு இஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய்க்கும் குடிதண்ணீருக்கும் ஒரே மாதிரியான கான்கள். மாறிப் போகாமல் இருக்க, தண்ணீர்க் கானின் பிடியில் அக்கா சிவப்புத் துணித் துண்டு கட்டியிருப்பார். வழக்கமாக ஒன்று எண்ணெய், ஒன்று தண்ணீர் என்று கொண்டு போவோம். அன்று எனக்கு எந்தத் துணியும் தெரியவில்லை.

கரை மறைந்த பிறகு இஞ்சின் இரண்டு தரம் செருமிவிட்டு நின்றது. எண்ணெய் முடிந்துவிட்டது என்று நினைத்து ஒரு கானைத் திறந்தேன். தண்ணீர். குடிவெறி முறியட்டும் என்று அதைத் தலையில் ஊற்றினேன். மற்றக் கானைத் திறந்தேன். அதிலும் தண்ணீர்! அக்காவைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினேன். பிறகு பார்த்தால் எண்ணெய்த் தாங்கியில் எண்ணெய் இருக்கிறது, உடைந்தது இஞ்சின். எண்ணெய் எத்தனை கான் இருந்தும் பயனில்லை. அந்த இரண்டாவது கான் தண்ணீரை மூடியால் அளந்து குடித்துத்தான் மூன்றாம் நாள் காலை வரை உயிரோடு இருந்தேன். கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு படகு என்னைக் கண்டு, கயிறு போட்டு இழுத்து வந்தது.

கரையில் நின்ற அக்கா ஓடி வந்து முதலில் கன்னத்தில் ஒரு அறை விட்டார். அதற்குப் பிறகுதான் கட்டிப்பிடித்து அழுதார். அந்தப் படகுக்கார முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், கானைத் தூக்கிக் காட்டி, "தங்கச்சி, இவரு சரியான கானத் தூக்கிட்டுப் போயிருந்தா உசிரு போய் மவுத்தாகித்தான் வந்திருப்பாரு. அல்லாஹ்தான் காப்பாத்தினது" என்றார். "ஓம் நானா, ஓம்" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அடுத்த ஞாயிறு அக்கா சபையில் எழும்பினார். குடி, சண்டை, வாழை, துணித் துண்டு, தான் விட்ட அறை, ஒன்றையும் மிச்சம் விடாமல் சொன்னார். "என்ர தம்பியின்ர பிழையைக் கொண்டே கர்த்தர் அவனைக் காப்பாத்தினவர்" என்று முடித்தார். அன்று மணி அடிக்கவில்லை. நான் கடைசி வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அன்றோடு குடியை விட்டேன். ஆனால் வெட்கத்தை விடவில்லை.

அடுத்த வருடம் எனக்குப் பெண் பேசினார்கள். நான் அக்காவிடம் போனேன்.

"அக்கா, அந்தக் கதையை இனி ஒரு இடமும் சொல்லாதேங்கோ. சத்தியம் பண்ணுங்கோ."

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்துவிட்டு, "சத்தியம் ஒண்டும் வேண்டாம். ஓம் எண்டால் ஓம்தான்" என்றார்.

அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் சின்னச் சின்னக் கதைகள். தொலைந்த தையல் விரற்கூடு கிடைத்தது, சீருடையை ஆடு தின்றது, உப்பில்லாத கறியை விருந்துக்கு வந்த சபை ஊழியக்காரர் பாராட்டியது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. நான் சபைச் செயலாளராகி, வெள்ளைச் சட்டையோடு முன்வரிசையில் இருந்து அவற்றைக் கேட்டேன். கதை கடல் பக்கம் திரும்பும்போது அக்கா என்னை ஒரு தரம் பார்ப்பார். பிறகு மணிக்கு முன்பே கதிரையில் இருந்துவிடுவார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரி விடுதியிலும் அவர் வாய் ஓயவில்லை. தாதிமார் மருந்து கொடுக்க வந்து கதை கேட்டு நின்றார்கள். பக்கத்துக் கட்டிலில் நிலாவெளி அம்மா ஒருவர். அவரது மகன் குடிக்கிறவன், தொழிலுக்குப் போவதில்லை. ஒரு பின்னேரம் அதைச் சொல்லி அவர் அழுதார். அக்காவிடம் அதற்கென்றே ஒரு கதை இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, நீ அம்மாவோட கொஞ்சம் கதையன்" என்று மட்டும் சொன்னார். நான் தொலைபேசி அழைப்பு வருவதாகப் பொய் சொல்லி வெளியே போய்விட்டேன்.

நாலு நாளில் அக்கா போய்விட்டார்.

அடக்க ஆராதனையில் என்னைப் பேசச் சொன்னார்கள். நன்றி மட்டும் சொன்னேன். இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோதுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார்.

"இது எனக்குத் தெரியாதோ? அந்த ஞாயிறு என்ர அம்மா சபையில இருந்தவா. 'உள்ளதை மறைக்காத குடும்பம், பயப்பிடாமல் குடுக்கலாம்' எண்டு சொல்லித்தான் உங்களுக்கு ஓம் எண்டவா."

எந்தக் கதையை மறைத்துப் பெண் எடுத்தேன் என்று நினைத்திருந்தேனோ, அந்தக் கதைக்காகத்தான் பெண்ணே தந்திருக்கிறார்கள். இது தெரிந்திருந்தால் அக்கா ஒரு மாதத்துக்குச் சாட்சி சொல்லியிருப்பார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் நான் அழுதுவிட்டேன்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்த நிலாவெளி அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் சுகமாக இருக்கிறார். மகன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். வாயில் வாடை இருந்தது. உபதேசம் பண்ண வந்தவன் என்று நினைத்து முகத்தைத் திருப்பினான். நான் பக்கத்தில் இருந்து, "தம்பி, நான் ஒருக்கா வெறியில கடலுக்குப் போனனான்" என்று தொடங்கினேன். கதை எனக்கு அக்காவைப் போல வரவில்லை. கிழமையை மாற்றிச் சொல்லி, திருத்தினேன். இரண்டாவது கானைத் திறந்த இடத்தில் அதற்கு மேல் சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன்.

இந்த ஒரு வருடமும் எங்களைத் தாங்கிய போதகர் ஐயாவுக்கும் சபையாருக்கும், அக்காவைச் சொந்தத் தாயைப் போலப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், இறுதி நாளில் பந்தல் போட்டுத் தேநீர் தந்த அயலவர்களுக்கும், செய்தி கேட்டுக் கிண்ணியாவில் இருந்து வந்து கண்கலங்கி நின்ற நானாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் நின்றுபோன இடத்தில், வலையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "பிறகு?" என்று கேட்ட அந்தத் தம்பிக்கு.

அன்புத் தம்பி