காக்கிலோவின் எடை

கடைத்தெருவில் அவரை எல்லாரும் கிராம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எடை மெஷின் ரிப்பேர் செய்கிறவர். "ஒரு கிராம்தானேண்ணே, விட்டுத் தள்ளுங்க" என்று கடைக்காரரே கெஞ்சினாலும் விடமாட்டார். மெஷினைப் பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சாமான் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்று பல்லைக் கடிப்பார்கள். இருபத்தெட்டு வருஷமாக அதே பிடிவாதம்.

வீட்டிலாவது சும்மா இருப்பாரா? குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், "எத்தனை கிராம் போட்டே?" என்பார். "கையளவு போட்டேன்" என்பார் அண்ணி. "கைக்கு என்னம்மா அளவு இருக்கு?" என்பார் இவர். கல்யாணமான மறுநாள் தொடங்கிய சண்டை, இன்னும் தீர்ந்தபாடில்லை. இத்தனைக்கும் அண்ணிக்கு வேலை சலவைக்கடையில். கிலோக் கணக்கில் துணி வாங்கித் துவைத்துக் கொடுக்கிற கடை. மூட்டையைத் தூக்கிய கையோடு எடையைச் சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாக இருக்கும். அண்ணன் அதைக் குருட்டு அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் பட்டறைக்குப் பின்னால்தான் ஒரு தாய்ப்பூனை பின்னோக்கி வந்த லாரியில் அடிபட்டுச் செத்தது. பழைய இரும்பு எடைக்கற்கள் கிடந்த பெட்டிக்குள் அதன் குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் கண் திறந்திருந்தது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? பாலைத் தேடி ஓடுவோம். அண்ணன் அதைத் தூக்கி மெஷின்மேல் வைத்தார். சரியாக இருநூற்றைம்பது கிராம். காக்கிலோ என்ற பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

கால்நடை மருத்துவர் ஒரு டாக்டரம்மா. பூனைக்குட்டிக்கான பால்பவுடரையும் சின்ன பாட்டிலையும் கொடுத்து, எத்தனை மணிக்கொரு தரம் கொடுப்பது என்று சொல்லி, "தினமும் எடை போட்டு எழுதி வைங்க. எடை ஏறிட்டே இருக்கணும்" என்றார். கரும்பு தின்னக் கூலியா! அன்று சாயங்காலமே புது நோட்டு வந்துவிட்டது.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. காக்கிலோ படுப்பது ஒரு மஞ்சள் துண்டில். துண்டை விலக்கினால் வெடவெடவென்று நடுங்கும், வீடே அதிரும்படி கத்தும். தாயில்லாப் பிள்ளை, அதற்கு இருப்பது அந்த ஒரு துண்டு. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. துண்டை மட்டும் தனியாக எடை போட்டார்: அறுபத்திரண்டு கிராம். அதன்பின் துண்டோடு தூக்கி வைப்பார், அறுபத்திரண்டைக் கழிப்பார், எழுதுவார். துண்டைத் துவைக்கவும் தடை போட்டார். "துவைச்சா அதோட வாசம் போயிடும். பாவம், பயந்துக்கும்."

"ஊரார் துணியெல்லாம் வெளுக்கிறேன், என் வீட்டுல ஒரு துண்டு நாறுது" என்றார் அண்ணி.

பாட்டிலில் குடித்தவரை துண்டுக்குப் பெரிய சேதமில்லை. நாலாவது வாரம் பாலை மறக்கடிக்கும் படலம் ஆரம்பமானது. பூனைக்குட்டிக்கான மெத்தென்ற தீனியைப் பவுடர் பாலில் கரைத்துத் தட்டில் வைக்க வேண்டும். "பாட்டிலும் இருக்கட்டும், அது நல்லா சாப்பிடச் சாப்பிடக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

காக்கிலோ தட்டைப் பார்த்தது. உள்ளே இறங்கியது. நடுவில் நின்று தும்மியது. மீசை, காது, வால், நான்கு கால் எல்லாம் கூழ். வாய்க்குள் என்ன போனது என்று கேட்டால் அதற்கே தெரியாது. அப்படியே நடந்து போய்த் துண்டில் விழுந்து புரண்டு சுத்தமாக எழுந்தது. வேளாவேளைக்கு இதேதான் கூத்து.

நோட்டோ வேறு கதை சொன்னது. கூழ் வைத்த முதல் நாள் நானூற்றுப் பத்து. அப்புறம் தினமும் நாலு கிராம், ஐந்து கிராம் என்று ஏற்றம். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மெஷின் பார்க்கப் போன கடையிலெல்லாம் காக்கிலோ புராணம்தான். மூன்றாம் நாள் பாட்டிலைப் பாதியாக்கினார். ஐந்தாம் நாள், "பொண்ணு வளர்ந்துட்டா" என்று பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தே வைத்துவிட்டார்.

ஏழாம் நாள் காலையில் தட்டைத் தட்டினார். மற்ற நாளென்றால் சத்தம் கேட்டதுமே காக்கிலோ வந்து அவர் பேன்ட்டில் தொங்கும். அன்று தலையை ஒருமுறை தூக்கியது, திரும்பக் கீழே வைத்துக்கொண்டது.

"ஏங்க, குட்டி சோர்ந்து கிடக்கு. காதெல்லாம் சில்லுனு இருக்கு."

"இப்பத்தான் எடை போட்டேன். நேத்தைவிட அஞ்சு கிராம் கூட. தூங்கட்டும் விடு."

"தூங்குறதுக்கும் துவண்டு கிடக்குறதுக்கும் வித்தியாசம் தெரியலையா உங்களுக்கு?"

"நோட்டைப் பாரேன்!"

"நோட்டா வந்து பால் குடிக்குது?"

அண்ணி குட்டியைத் துண்டிலிருந்து உருவிக் கழுத்தோடு அணைத்துக்கொண்டார். நடுங்கக்கூட அதற்குத் தெம்பில்லை. இடது கையில் துண்டு மிஞ்சியது. அதை ஓரமாகப் போடப் போன கை அப்படியே நின்றது.

"இந்தத் துண்டு எவ்வளவுன்னு எழுதியிருக்கீங்க?"

"அறுபத்திரண்டு."

"இது நூறுக்குக் குறையாது."

அண்ணன் துண்டை வாங்கி மெஷினில் வைத்தார். நூற்றியொன்று. அதை மெஷின் தட்டின் நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மெஷின் நூற்றியொன்றிலேயே நின்றது. ஒரு வாரக் கூழ், காய்ந்ததும் ஈரமுமாக அதில்தான் இருந்தது. பெண் வளரவில்லை, துண்டுதான் வளர்ந்திருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டார்: காலையில் குட்டியும் துண்டும் சேர்த்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது, அதில் நூற்றியொன்று போனால் குட்டி முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஆரம்பித்த இடத்திலிருந்து பன்னிரண்டு கிராம் இறங்கியிருக்கிறது. அது தெரியாமல், இருந்த பாட்டிலையும் பிடுங்கி வைத்துவிட்டோம்! வெறும் பாத்திரத்தை எடை போடாத கடைக்காரர்களை அவர் எத்தனை பேச்சுப் பேசியிருப்பார்!

"நின்னுட்டே இருந்தா எப்படி? செருப்ப மாட்டுங்க" என்றார் அண்ணி.

ஆஸ்பத்திரியில் அவர் போதாத காலம், நாயும் கையுமாக மளிகைக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கிராம் வித்தியாசத்துக்காகப் போன வாரம்தான் அண்ணனிடம் ஆள் பார்க்கத் திட்டு வாங்கியவர். டாக்டரம்மா வாசலிலேயே குட்டியை வாங்கிக்கொண்டு, "என்னாச்சு? எடை ஏறுச்சா, இறங்குச்சா?" என்று கேட்டார்.

சாப்பிடவில்லை, காரணம் தெரியவில்லை என்று பூசி மெழுகியிருக்கலாம். மளிகைக்காரர் வேறு காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளதைச் சொன்னார்.

"தப்பு என்னோடதுதான் டாக்டரம்மா. அழுக்குத் துண்டோட எடை போட்டு, ஏறுதுன்னு நம்பிட்டேன். பாட்டிலையும் நிறுத்திட்டேன். ரெண்டு நாளா அது பட்டினி."

"இத சொன்னீங்களே, அதுவே பெரிய உதவி. இல்லேன்னா இல்லாத நோயத் தேடிட்டு இருப்பேன்."

ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிக் குட்டியை அதன்மேல் கிடத்தினார். அண்ணி பையிலிருந்து பாட்டிலை எடுத்ததும் தடுத்தார். "அவசரப்படாதீங்கம்மா. உடம்பு சில்லுனு இருக்கும்போது பால் கொடுத்தா செரிக்காது. முதல்ல சூடு ஏறட்டும்." கொஞ்ச நேரம் கழித்து ஈறில் குளுக்கோஸ் தண்ணீரைத் தொட்டுத் தடவினார். ஒன்றுமில்லை. இன்னொரு முறை தடவினார். சின்ன நாக்கு ஒன்று வெளியே வந்து விரலைத் தேடியது.

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"அந்தத் துண்டையும் ஒரு தடவை காட்டிருங்கண்ணே" என்றார் மளிகைக்காரர். "ரொம்ப வேகமா வளருதாமே!"

அறையே சிரித்தது. சரியான அடி, வேண்டியதுதான் என்று வாங்கிக்கொண்டார் அண்ணன்.

பாட்டில் திரும்ப வந்தது. பட்டறைக்கு இரண்டு நாள் பூட்டு. அண்ணி மஞ்சள் துண்டை வெளுத்துக் காயப்போட்டார். காக்கிலோ அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, வாசம் மாறியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஏறிப் படுத்துக்கொண்டது. கூழை அண்ணி விரலில் தொட்டு ஊட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஐந்தாம் நாள் காலை அண்ணன் மெஷினைத் துடைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று இரண்டு முறை பார்த்து, துண்டில்லாமல் காக்கிலோவைத் தூக்கி வைத்தார். நூற்றெண்பது என்று காட்டியது, குட்டியின் பாதி உடம்பு வெளியே இருந்தது. இழுத்து வைத்தார். ஐந்நூற்றைம்பது, அது குதித்ததால் வந்த எண். அப்புறம் பூஜ்யம், குட்டி அவர் சட்டைக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பிய்த்தெடுத்து வைத்தால் மெஷின் ஒயரைக் கடித்தது. கால்மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது.

"எவ்வளவுங்க இருக்கு?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் அண்ணி.

"தெரியலம்மா" என்றார் கிராம் அண்ணன், சிரிப்பை அடக்க முடியாமல். "நிக்க மாட்டேங்குறா."

நோட்டை விரித்தார். அன்றைய தேதிக்கு நேரே, எண் இருக்க வேண்டிய இடத்தில், 'ஓடுறா' என்று எழுதி மூடி வைத்தார்.