குடிகாட்டில் ஐம்பது நிமிடம்: மின்சாரக் காரில் சிதம்பரம்

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்தது. அதற்கு என்ன வேண்டும் என்று இவர் கேட்டார். சிதம்பரம் போய் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட வேண்டும், அதுவும் கடலூர் வழியாகப் போக வேண்டும் என்றேன். முதல் பாதிக்குச் சரி என்றார். இரண்டாவது பாதிக்கு ஒன்றும் சொல்லவில்லை.

என் அம்மா வீடு சிதம்பரத்தை அடுத்த குமராட்சி. தாம்பரத்துக்குக் குடிவந்த இந்தப் பதினெட்டு வருஷமும் விக்கிரவாண்டி, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு என்று உள்வழியாகவேதான் அங்கே போய் வந்தோம். கடலூர்ப் பக்கம் இவர் வண்டியைத் திருப்பியதே இல்லை. காரணம் எனக்குத் தெரியும், அதனால் கேட்டதும் இல்லை. ஆனால் நாங்கள் முதன்முதலில் குடித்தனம் வைத்தது கடலூர் செம்மண்டலத்தில். அந்தத் தெருவை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது.

பொங்கல் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு, ஜனவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஓட்டியது நான். (இவருக்கு முதுகு வலி, எனக்கு ஓட்டப் பிடிக்கும். நல்ல பொருத்தம்.) எங்கள் காரில் முப்பது யூனிட் பேட்டரி. ஏசி போட்டு ஓட்டினால் முழு சார்ஜில் 210 கிலோமீட்டர் வரும். தாம்பரத்திலிருந்து கடலூர் சுமார் 165. அங்கே ஒரு ஹோட்டலில் சார்ஜ் போட்டுக்கொண்டு மீதி 45 கிலோமீட்டரை முடிப்பது என்று கணக்கு.

செம்மண்டலத்தில் எங்கள் வீடு அப்படியே இருந்தது, பெயின்ட் மட்டும் வேறு. மாடியில் ஒரே அறை, ஒரு சமையல் மூலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து இவர் வரும்போது தெருமுனையிலேயே பைக்கை நிறுத்திவிடுவார், கீழ்வீட்டுக் குழந்தை முழித்துக்கொள்ளும் என்று. மழைக்காலத்தில் இவர் சட்டை காயாது. காய்ந்தாலும் பேக்டரி மருந்து நெடி போகாது. அந்த நெடி மூக்கில் ஏறினால்தான் இவர் வந்துவிட்டார் என்று எனக்குத் தூக்கம் வரும். காரில் உட்கார்ந்தபடியே ஐந்து நிமிடம் பார்த்தோம். "அந்த ஜன்னல் கதவு இன்னும் சரியா சாத்தாது பாரு" என்றார். பார்த்தேன், சாத்தியிருக்கவில்லைதான்.

அதற்குப் பிறகுதான் வினை. நான் நம்பிப் போன ஹோட்டலில் சார்ஜர் இருந்தது, ஆனால் திரை இருட்டாக இருந்தது. வாட்ச்மேன் வந்து, "ரெண்டு மாசமா ஓடல மேடம். வந்து பாத்துட்டுப் போனாங்க, அவ்ளோதான்" என்றார். பேட்டரி 22 சதவீதம். போன் செயலியில் தேடினால், சிதம்பரத்துக்கு முன்னால் ஒரே ஒரு இடத்தைத்தான் காட்டியது. குடிகாடு தொழிற்பேட்டை, 9 கிலோமீட்டர். கூடவே ஒரு போட்டோ: காம்பவுண்டு சுவர், பக்கத்தில் பச்சை இரும்பு கேட்.

இவர் போனை வாங்கி அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு, "ஏசிய நிறுத்திட்டு மெதுவாப் போனா சிதம்பரம் போயிடலாம்" என்றார்.

"நடுவுல நின்னா யார் தள்றது? உங்க முதுகா?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

அந்தக் கேட்டுக்குள் இருக்கிற கெமிக்கல் பேக்டரியில் இவர் பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார், எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக. ஒருநாள் ஸ்டோரில் காப்பர் கேபிள் காணவில்லை. அன்று சாயந்திரம் ஷிப்ட் விட்டு எல்லோரும் வெளியே வரும்போது, அப்போதிருந்த மேனேஜர் இவரை மட்டும் கேட்டில் நிறுத்திச் சாப்பாட்டுப் பையைக் கீழே கொட்டச் சொன்னார். கொட்டினார். டிபன் பாக்ஸும் ஒரு துண்டும் விழுந்தன. நூறு பேர் பார்த்தார்கள். கேபிள் பிறகு வேறொரு கொட்டகையில் கிடைத்ததாம். யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவரும் மறுநாளிலிருந்து போகவில்லை. அடுத்த மாதம் நாங்கள் தாம்பரத்தில் இருந்தோம்.

குடிகாடு போய்ச் சேரும்போது 17 சதவீதம். சார்ஜர் கேட்டுக்கு வெளியே, சாலையோரமாக, தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. கார்களுக்கு ஒன்று, ஸ்கூட்டர்களுக்கு வரிசையாகச் சின்னச் சின்ன பிளக்குகள். இவர் இறங்கவில்லை. நானே கேபிளை இழுத்துச் சொருகி, போனில் பணம் கட்டி, விளக்கு பச்சையாவதைப் பார்த்து நின்றேன்.

இரண்டு நிமிடத்தில் கேட்டுக்குள்ளிருந்து ஹெல்மெட் போட்ட ஒருவர் வந்தார். "ஓடுதா மேடம்? யாராவது வண்டி போட்டா எனக்கு மெசேஜ் வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே காருக்குள் எட்டிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"பாஸ்கர் மச்சான்?"

யூசுப். இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் மாடி அறைக்கு ரம்ஜான் பிரியாணி கொண்டு வந்தவர். இப்போது அங்கே மெயின்டனன்ஸ் முழுக்க அவர் பொறுப்பு. இவர் மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினார். இருவரும் கையைப் பிடித்தார்கள், விடவில்லை.

"நம்பர மாத்திட்ட. எங்க போனன்னு ஒருத்தருக்கும் தெரியல. தங்கச்சி, நீங்களாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றார் என்னிடம். பிறகு, "வா மச்சான், கேன்டீன்ல டீ குடிக்கலாம்."

"உள்ள வேணாம் யூசுப்."

யூசுப் வற்புறுத்தவில்லை. எதிர்க்கடையில் மூன்று டீ சொன்னார். நான்தான் சார்ஜரைப் பற்றிக் கேட்டேன்.

"எங்க ஆளுங்க நெறைய பேரு இப்ப எலக்ட்ரிக் ஸ்கூட்டர்லதான் வர்றாங்க. ஷெட்டுல வயர இழுத்துச் சார்ஜ் போட ஆரம்பிச்சாங்க. கெமிக்கல் இருக்கிற எடம் தங்கச்சி, ஒரு பொறி போதும். வேலை செய்யிற எடத்துல சார்ஜர் வெச்சா கவர்மென்ட்டு மானியம் தருதுன்னு கேள்விப்பட்டு மொதலாளிகிட்ட போனேன். இவரு புது ஆளு, நல்ல மனுஷன். வெளியாளுங்களும் போட்டுக்கலாம்னு தெறந்து வெச்சா மானியம் ஜாஸ்தின்னாங்க. அதுக்கும் சரின்னுட்டாரு."

"அதான் வெளிய வெச்சீங்களா?"

"ஆபீஸ்ல எல்லாரும் கேட்டுக்கு உள்ள வைக்கணும்னாங்க. செக்யூரிட்டி இருக்கான், எந்திரத்துக்குப் பாதுகாப்புன்னு. நான் ஒத்துக்கல. உள்ள வெச்சா வர்ற ஒவ்வொரு ஆளு பையையும் அவன் தொறந்து பாப்பான். அதுதான் இங்க ரூலு. இன்ஸ்பெக்‌ஷன்ல தள்ளிடுவாங்க, மானியம் வராதுன்னு சொல்லித்தான் வெளிய கொண்டாந்தேன்." டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தார். "இன்ஸ்பெக்‌ஷனுக்காக இல்ல மச்சான். அன்னிக்கு உன் பக்கத்துலதான் நின்னேன். என் வாயி தொறக்கல."

இவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிதம்பரம் பஸ் போனது. "உனக்கு அப்பதான் ரெண்டாவது பொண்ணு பொறந்திருந்தது. நீ வாயத் தொறந்திருந்தா நானே அடிச்சிருப்பேன்" என்றார்.

யூசுப் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் போய் மீட்டரைப் பார்க்கிற மாதிரி எழுந்துவிட்டேன். ஐம்பது நிமிடத்தில் 80 சதவீதத்துக்கு ஏறியது. 19 யூனிட், 342 ரூபாய்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். ஊர் ஊராகத் தாண்டும்போது இவர் பேசிக்கொண்டே வந்தார். புதுச்சத்திரத்தில் பைக் ரிசர்வுக்கு வந்து நாங்கள் ஒரு லாரிக்காரரிடம் பெட்ரோல் கேட்டது, வெள்ளாற்றுப் பாலத்தில் இறங்கி நின்று நான் காற்று வாங்கியது, என் செருப்பு ஒன்று ஆற்றில் விழுந்தது. செருப்பு விழுந்தது எனக்கே மறந்துபோயிருந்தது. பதினெட்டு வருஷமாக இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. பாலத்தில் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். ஆற்றில் தண்ணீர் இருந்தது. சிதம்பரத்தில் கொத்சு பழையபடி இல்லை, காரம் குறைவு. ஆனாலும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டோம். அம்மா வீட்டில் கார் சார்ஜ் போட வசதியில்லாததால் ராத்திரி கீழ வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினோம். முன்கூட்டியே கேட்டு வைத்திருந்ததால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக் கொடுத்தார்கள். காலையில் 100 சதவீதம்.

இந்த வழியில் மின்சார வண்டியில் வருகிறவர்கள் கடலூரில் ஒரே சார்ஜரை நம்பி வராதீர்கள். செயலியில் இருக்கிறது என்றால் ஓடுகிறது என்று அர்த்தமில்லை, கிளம்புமுன் போன் பண்ணிக் கேளுங்கள். கடலூரைத் தொடும்போது முப்பது சதவீதமாவது இருக்கட்டும். லாட்ஜோ சின்ன பேக்டரியோ நடத்துகிறவர்கள் இதைப் படித்தால், மானியத்தைப் பற்றிக் கட்டாயம் விசாரியுங்கள். யூசுப் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: முதலில் மின்வாரியத்தில் சார்ஜருக்கென்று தனி இணைப்பு, தனி மீட்டர் வாங்க வேண்டும். எர்த்திங் சரியாக இருக்க வேண்டும். முதலில் நாம் செலவு செய்து, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் மானியம் கைக்கு வரும், அதற்கும் மாதக்கணக்காகும். மத்திய அரசு, மாநில அரசு இரண்டிலும் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், எந்திரம் வாங்குமுன் அன்றைய விதியைப் படித்துவிடுங்கள். வாங்கின பிறகு படித்தால் கிடைக்காமல் போகலாம்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஊருக்குத் திரும்பக் கிளம்பினோம். குடிகாடு வரும்போது 81 சதவீதம் இருந்தது. திண்டிவனம் வரை தாராளமாகப் போகும், அங்கே நிறைய சார்ஜர்கள் உண்டு.

"ஓரமா நிறுத்து" என்றார் இவர்.

"சார்ஜ் இருக்குதே."

"தெரியும்."

இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பச்சைக் கேட்டை நோக்கி நடந்தார். செக்யூரிட்டி ஏதோ கேட்டார், இவர் யூசுப் பேரைச் சொன்னார் போலிருக்கிறது. யூசுப் உள்ளேயிருந்து ஓடியே வந்தார். இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு கேன்டீன் பக்கம் போவது கொஞ்ச தூரம் வரை தெரிந்தது.

திரும்பி வர ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. நான் ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை.