தீராத வயிற்றுவலி

வகுப்பு சிரித்த அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எந்த நொடியில் அது வரும் என்று எனக்கு அத்துப்படி. ஆறு வருடமாக அதே பாடத்தில் அதே வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, சாக்பீஸை மேசையில் வைத்து, சிரிப்பு அடங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பேன். "என் ஸ்டேஷன் எல்லையில தற்கொலை பண்ணிக்கிட்ட ஒருத்தருக்குக்கூட மனசு வலிச்சதே இல்ல. அம்புட்டுப் பேருக்கும் தீராத வயித்துவலிதான்." அன்றும் சிரித்தார்கள். மூன்றாவது பெஞ்சில் ஓரமாக இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தாள். பாடத்தை விட்டு வாத்தியார் கதைக்குப் போய்விட்டார் என்று எழுதுவதை நிறுத்திவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

நான் முழுநேர வாத்தியார் இல்லை. போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். அதற்கு முன் பல வருடம் ஸ்டேஷன் ரைட்டர். அதாவது புகார், வாக்குமூலம், முதல் தகவல் அறிக்கை எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதுகிறவன். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் மதுரை ரோட்டில் ஒரு கல்லூரி, சனி ஞாயிறுகளில் குற்றவியல் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அங்கே காவல் நடைமுறை சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். "உங்க ஸ்டேஷன் கதையக் கேக்க வீட்டுல ஆள் இல்லைன்னு காலேஜுல போயிப் பேசுறீங்களாக்கும்" என்று என் மனைவி கிண்டல் செய்வாள். உண்மையும் அதுதான். வக்கீல் குமாஸ்தாக்கள், ஊர்க்காவல் படைக்காரர்கள், எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் என்று கலவையான கூட்டம். அந்தப் பெண், வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லின் பெண்கள் விடுதியில் காவல் மேற்பார்வையாளர். வயது முப்பத்தைந்துக்கு மேல். வகுப்பே அவளை செக்யூரிட்டியக்கா என்றுதான் கூப்பிடும். இடைவேளையில் எல்லோரும் வடைக்கு ஓடும்போது, மிளகாய் தாளிக்காத தயிர்சோற்றை ஒரு சின்ன டப்பாவில் இருந்து சாப்பிடுவாள்.

அந்த வயிற்றுவலி விஷயம் போலீஸில் இருந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெண் உயிரை விட்டுவிட்டால் சொந்தக்காரர்கள் பத்துப் பேர் ஸ்டேஷனுக்கு வருவார்கள். அதில் ஒரு பெரிய மனுசர் என் மேசைக்குக் குனிந்து, "ரைட்டரே, பிரச்சினையில்லாம எழுதிருங்க" என்பார். தீராத வயிற்றுவலி என்று எழுதிவிட்டால் யாரையும் விசாரிக்க வேண்டாம், பிரேதத்தைச் சீக்கிரம் வாங்கிப் போகலாம், குடும்ப மானமும் தப்பும். நாங்கள் இதைத் தப்பென்று நினைத்ததே இல்லை. செத்தவள் செத்தாள், இருக்கிற பிள்ளைகளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நாங்கள் செய்கிற உபகாரமாகவே நினைத்தோம்.

வகுப்பு முடிந்ததும் அவள் வராந்தாவில் நின்றாள். "ஐயா, நீங்க சொன்னது நெசமா? வயித்துவலியே இல்லாதவங்களுக்கும் அப்பிடித்தான் எழுதுவீங்களா?"

"பெரும்பாலும் அப்படித்தாம்மா" என்றேன், சிரிப்பு இன்னும் போகாத முகத்தோடு.

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை ஒரு பழைய முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். போன வருடம் தகப்பனார் இறந்தபின் அவருடைய பெட்டியில் கிடைத்ததாம். அம்மா இறந்தபோது இவளுக்கு எட்டு வயது. கார்பன் மங்கிப்போயிருந்தது. முதல் வரியிலேயே கையெழுத்து என்னுடையது என்று தெரிந்துவிட்டது. எழுத்தை வலப்பக்கம் சாய்த்து, வரி முடிவில் ஒரு சின்னக் கோடு இழுப்பது என் பழக்கம். 'நீண்ட நாட்களாகத் தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்த என் மனைவி' என்று அவள் அப்பாவின் வாயில் நான் போட்ட வார்த்தைகள் அங்கே இருந்தன.

நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து எனக்கும் அதே வியாதி வரும்னு பயம் ஐயா. நாலு தடவ ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணுமில்லைங்கிறாங்க. நம்பல. ரெண்டு மாப்பிள்ளை வந்துச்சு. வேண்டாம்னுட்டேன். எங்கம்மா மாதிரி புள்ளைகள பாதியில விட்டுட்டுப் போயிரக் கூடாதுல்ல."

நான் எழுதிய இரண்டு வார்த்தை, எட்டு வயதிலிருந்து ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. தயிர்சோற்று டப்பாவின் காரணமும் அதுதான். சொல்லாமல் தப்பித்திருக்கலாம், கீழே கையெழுத்து அப்போதைய இன்ஸ்பெக்டருடையது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் முடியவில்லை. "இத எழுதுனது நான்தாம்மா" என்றேன்.

அதோடு நின்றிருந்தால்கூட என் பாரம் இத்தனை இருந்திருக்காது. இன்னொன்றையும் சொன்னேன். அன்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது செத்தவளின் தங்கை தனியாக ஸ்டேஷனுக்கு வந்தாள். இருபது வயது இருக்கும். மூச்சு வாங்கியது. "எங்கக்காவுக்கு வயிறெல்லாம் ஒண்ணும் வலிக்கல சார். நான் சொல்றத எழுதுங்க" என்றாள். "செத்த நேரம் வெளிய உக்காரும்மா" என்று வாசல் பெஞ்சைக் காட்டினேன். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது பெஞ்சில் யாரும் இல்லை. உறவுக்காரர்கள் அழைத்துப் போய்விட்டார்கள் என்று வாசலில் பாரா நின்ற காவலர் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று எனக்குத் தோன்றியதும் ஞாபகம் இருக்கிறது.

"சித்தி வந்துச்சா?" என்றாள் அவள். "அக்கா சாவுக்குக்கூட அழுக வராதவ உங்க சித்தின்னு சொல்லித்தான் என்னைய வளத்தாக. வீட்டுப் பக்கமே விடல. என்ன சொல்ல வந்துச்சு ஐயா?"

"தெரியாதும்மா. நான் கேக்கல."

அவள் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள். "கேட்டிருந்தா எங்கப்பா ஜெயிலுக்குப் போயிருப்பாரோ என்னமோ. அப்பன் இல்லாம வளந்திருப்பேன். ஆனா பயமில்லாம வளந்திருப்பேன்ல" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன்பின் அவள் வகுப்புக்கு வரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விடுப்பு போட்டுப் போட்டு, ஒரு கட்டத்தில் அந்தப் பெயரை வாசிக்காமலே தாண்டினேன். வகுப்பில் அந்த வேடிக்கையையும் விட்டுவிட்டேன். பழைய மாணவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டு, "சார், அந்த வயித்துவலி ஜோக் சொல்லுங்க" என்று புதிதாக வந்தவர்கள் கேட்கும்போது பாடத்தை மாற்றிவிடுவேன். பஸ் நிறுத்தத்தில், ஆஸ்பத்திரி வாசலில், எங்காவது ஒரு பெஞ்சில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்தப் பக்கம் நடக்க முடிவதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் ரயில் அறிவிப்புச் சத்தம் கேட்டது.

"கொடைரோட்டுல இருக்கேன் ஐயா. சித்தியத் தேடிக் கண்டுபிடிச்சிட்டேன். பாத்துப் பேசிட்டு வாரேன்."

"நல்லா இருக்காங்களாம்மா?"

"இருக்கு. உங்கள ஞாபகம் இருக்குன்னுச்சு."

அன்று ஒரு நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டியதை, காக்கியைக் கழற்றிப் பல வருடம் ஆனபின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். "அன்னைக்கு என்ன சொல்ல வந்தாங்களாம்? சொல்லும்மா, நான் கேக்குறேன்."

ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"எங்கிட்டச் சொல்லிருச்சு ஐயா. உங்ககிட்ட இனிமே எதுக்கு?" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.