கதாயுதச் சண்டையில் என் மகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், என் மகளை ஒருவர் கதாயுதத்தால் அடிப்பதைப் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

புராண நாடகங்களுக்குச் சண்டைக் காட்சி அமைப்பது அவள் வேலை. சென்னைக் குழு ஒன்றில் இருக்கிறாள். அன்று மாலை எங்கள் திருத்தணியிலேயே, அதே மண்டபத்தில் நாடகம். தோற்கும் அரசன் வேடம் அவளுக்கு. ஜெயிக்கும் அரசன், பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் கூத்து நடிகர், ஆறடி ஆள். கதாயுதத்தின் தலை மூங்கிலும் துணியும்தான், ஆனால் காம்பு நல்ல மரம்.

முதலில் மெதுவாக ஒத்திகை பார்த்தார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் முன் இருவரும் கண்ணுக்குக் கண் பார்க்கிறார்கள். அவள் இமையைத் தாழ்த்தினால்தான் அவர் வீசுவார். அதற்குள் அவள் விலகத் தொடங்கியிருப்பாள். 'தொம்' என்று கேட்பது அவள் குதிகால் மேடைப் பலகையில் படும் சத்தம். அவர் துரத்துவதுபோலத் தெரிந்தாலும், மேடை முழுக்க அவரை நடத்திக்கொண்டு போவது அவள்தான். அத்தனை அடியும் அவள் யோசித்தவை. எனக்குப் பிரமிப்பாக இருந்தது.

பிறகு முழு வேகம். கடைசி அடிக்குக் கதாயுதம் அவர் தலைக்கு மேலே போனது.

"பாத்து!" என்று கத்திவிட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓங்கிய கையை அவரால் நிறுத்த முடியவில்லை. அவள் பார்க்காமலே முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் சரிந்தாள். அவள் தோள் இருந்த இடத்தைக் கடந்து மரக்காம்பு பலகையில் மோதியது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இன்னா சார், இப்டி கத்திட்டீங்க! என் கைய நம்பாட்டி போங்க. உங்க பொண்ணு கால நம்பக்கூடாதா?" பிறகு அவளிடம், "கடைசி அடி வேணாம்மா, எடுத்துடலாம்" என்றார்.

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கையைப் பிடித்து எழுப்பி, அந்த ஓர் அடியையே மெதுவாகத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தாள். "ஆங், இப்ப உங்க கை நடுக்கம் போச்சு பாருங்க" என்று அவள் சொல்லி, அவருக்குச் சிரிப்பு வரும்வரை விடவில்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தாள்.

"நைனா, நீ கத்துனா நான் திரும்பிடுவேன். சின்ன வயசுலேர்ந்து பழக்கம். சண்டைல அது ஆவாது."

"அப்ப நான் சாயங்காலம் வரல."

"வரணும். கடைசி வரிசைல குந்திகினு, வாய்ல துண்ட அடைச்சிக்கோ."

மாலையில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். அந்த அடி வந்தபோது மண்டபமே "ஐயோ" என்றது. அவள் எவர் பக்கமும் திரும்பவில்லை. இமை தாழ்ந்திருக்க வேண்டும்; பலகை அதிர்ந்தது, விழுந்தாள்.

"இன்னா அடி அடிச்சான் பாத்தியா!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"விழுந்தத பாருங்க" என்றேன்.