ஏலகிரிக்குப் போட்ட திட்டம்

சென்ற வாரம் எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் யாரோ சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். செயின் ஆயில் வாசனை. ஏதோ ஞாபகத்தில் என் மாடிக்கு முன்னாலேயே இறங்கிவிட்டு, மீதிப் படிகளை மூச்சு வாங்க ஏறினேன். இந்த லட்சணத்தில் ஒரு காலத்தில் ஏலகிரி மலைப்பாதையில் சைக்கிள் மிதிக்க இருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

அப்போது எனக்கும் என் தோழி ஸ்டெல்லாவுக்கும் நாவலூரில் முதல் வேலை. தாம்பரத்திலிருந்து கம்பெனி பஸ். மழை நாளில் ஆவி படிந்த ஜன்னலில் அவள் விரலால் கொண்டை ஊசி வளைவுகளை வரைவாள். மேடவாக்கம் தாண்டுவதற்குள் எல்லாம் வழிந்துவிடும். ஜோலார்பேட்டை வரை ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து மலையேறுவதாகத் திட்டம். பயிற்சிக்குக் குன்றத்தூர் முருகன் கோயில் மலைப்பாதை. பாதியிலேயே இறங்கித் தள்ளுவேன். "நீ சைக்கிள ஓட்டுறியா, சைக்கிள் உன்ன ஓட்டுதாடி?" என்பாள்.

இரண்டு வீட்டு அம்மாக்களும் எதிர்ப்பு. எங்கள் கட்சியில் ஸ்டெல்லாவின் அப்பா மட்டும்தான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். சேலையூர் வீட்டு வாசலில் சைக்கிள்களைக் கவிழ்த்துப் போட்டு ஆயில் விடுவார். "ஏறும்போது பிரச்சினை இல்லம்மா, எறங்கும்போதுதான். ரெண்டு பிரேக்கையும் சேத்துப் புடிக்கணும். வந்து ஒண்ணு விடாம சொல்லணும், என்ன?"

கிளம்ப வேண்டிய அன்று காலை அவர் குளியலறையில் விழுந்தார். வலப்பக்கம் செயலிழந்தது; பேச்சும் போயிற்று. மலைக்கென்று வாங்கிய புது ஷூவோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

"நீயாவது போயிட்டு வாடி" என்றாள் ஸ்டெல்லா.

"லூசாடி நீ?"

அவர் வீடு திரும்பிய பிறகு ஒரு மாலை, என்ன பேசுவதென்று தெரியாமல், "அங்கிள், பொங்கல் லீவுல கண்டிப்பா போறோம்" என்றேன். கட்டிலில் கிடந்தவரின் இடது கை மெல்ல உயர்ந்தது. விரல்கள் மடங்கி விரிந்தன. பிரேக் பிடித்துக் காட்டுகிறார். ஸ்டெல்லா சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

அதன்பின் வருடக்கணக்காக அவருக்காகவே திட்டம் போட்டோம். பொங்கல் தள்ளிப்போனால் கோடை, அதுவும் போனால் கிறிஸ்துமஸ். இடையில் எனக்குக் கல்யாணம், குழந்தை, முதுகு வலி. ஸ்டெல்லா தனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்தாள். வேலை முடிந்து வந்து, அவருக்கு உடம்பு துடைத்து, சோறு ஊட்டிவிட்டு, கண் சொருகச் சொருக, "அப்பா, இந்தத் தடவ மேல டென்ட் அடிக்கலாமா?" என்பாள். மாடிப்படிக்கு அடியில் சைக்கிள்கள் துருப்பிடித்ததை நாங்கள் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

போன வருடம் இறந்துபோனார். அடக்கம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் கலைந்த பிறகு ஸ்டெல்லா சொன்னாள், "இனிமே நம்மள யாரு தடுக்கப் போறா?"

"எப்பப் போலாம்?"

"மொதல்ல தூங்கணும்டி." என் தோளில் சாய்ந்து தூங்கியும் போனாள்.

சேலையூர் வீட்டை இடித்து ஃபிளாட் கட்டுகிறார்கள். ஸ்டெல்லாவும் நானும் இன்றும் போனில் பேசிக்கொள்கிறோம். சர்க்கரை, பிள்ளையின் பரீட்சை, தண்ணி லாரி. மலைப் பேச்சு வருவதே இல்லை. அதை நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தவர் போன பிறகு, போக வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் இல்லாமல் போய்விட்டது.