ஆட்டைத் திவசத்துக்கு முன் ஒரு பயணம்

இன்று கனடாவில், எங்கள் மொன்ட்ரியால்-நோர் தமிழ்க் கடையில், மரக்கறி நிறுக்கும் தராசில் என் முதுகுப்பையை வைத்துப் பார்த்தேன். மலிவு விமான டிக்கெட். ஏழு கிலோவுக்கு மேல் விடமாட்டார்களாம்.

பின்னால் மலர் அக்கா நின்றார். எங்கள் தெருதான்.

"எங்கை பயணம்?"

"பாரிஸ், பேந்து பஸ்ஸிலை ஜெர்மனி. இவர் இருக்கேக்கை போவம் போவம் எண்டு சொன்னவர், அக்கா. தையல் வேலை முடிஞ்சுது. கார்டெரியிலை, அதுதான் பிள்ளையள் காப்பகத்திலை, சமைக்கிற வேலை அடுத்த மாதம்தான். இடையிலை மூண்டு கிழமை இருக்கு."

"மனுசன் செத்து ஒரு வருசம் ஆகேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை. அதுக்குள்ளை ஊர் சுத்தப் போறியோ?"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வீட்டிலை இருந்து அவர் இருந்த கதிரையைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன், அக்கா."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் தரிப்பிடத்துக்கு அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் இரண்டு கிலோ மிளகாய்த்தூள்.

"பாரிசிலை என்ரை தங்கச்சி இருக்கிறாள். ஹோட்டல் எடுக்காதை, அங்கை போய் நில். இதையும் குடு. அவளும் போன வருசம் மனுசனைப் பறிகுடுத்தவள். அவளுக்கு நீ ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ரெண்டு பேரும் இருந்து அழுங்கோ. பேந்து எழும்பிப் போய் அந்தக் கோபுரத்தைப் பாருங்கோ."

"ஓம் அக்கா" என்றேன். மிளகாய்த்தூளை வாங்கிப் பைக்குள் வைத்தேன்.

பாரிஸ் விமான நிலையத்தில் மிளகாய்த்தூளோடு மறிபட்டவர்கள் இந்தக் குழுவில் இருப்பீர்கள். என்ன சொல்லித் தப்பினீர்கள் என்று எழுதுங்கள். மொன்ட்ரியாலில் இருந்தும் எனக்குப் பிரெஞ்சில் bonjour, merci இரண்டும்தான் வரும்.